அணையத் தெரிந்தது, எழத் தெரியவில்லை

ஆளில்லாத வீட்டில் என் கணினி பதினோரு நாள் அணைந்து கிடந்தது. பழுதாகி அணையவில்லை. ஒரு கோப்புகூடக் கெடாமல், மின்சாரம் போனபோது நான் எழுதி வைத்த நிரல் சொன்னபடி, வரிசை தவறாமல் அணைந்தது. சில நிமிடங்களில் மின்சாரம் திரும்பி வந்துவிட்டது. கணினி மட்டும் எழவில்லை. மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் யு.பி.எஸ். என்ற ஒன்றை நான் வாங்கியே இருக்காவிட்டால், அது அன்றைக்கே தானாக எழுந்து தன் வேலையைப் பார்த்திருக்கும். பாதுகாப்புக்கென்று வாங்கி வைத்த பெட்டிதான் அதை எழவிடாமல் செய்தது. இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கோப்பும் போகவில்லை, ஒரு ஹார்ட் டிஸ்கும் கெடவில்லை. ஆனாலும் இன்றுவரை உறுத்துகிறது.

அந்தக் கணினிக்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. அலமாரியின் அடித்தட்டில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளோடு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். குடும்பப் புகைப்படங்கள் அதில்தான் இருக்கின்றன. எங்கள் எல்லோருடைய கைபேசிகளும் இரவில் அதற்குத்தான் பிரதி அனுப்புகின்றன. இப்படி ஒரு பெட்டியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: அது ஓடுகிற வரை யாருக்கும் அது இருப்பதே நினைவில் இருக்காது. நின்றுபோனாலும் உடனே யாருக்கும் தெரியாது.

முதல் நான்கு ஆண்டுகள் அது யு.பி.எஸ். இல்லாமலேதான் ஓடியது. மின்சாரம் போனால் செத்துவிடும், வந்தால் எழுந்துவிடும். மின்தடைக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று, கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் ஒரு தேர்வு உண்டு. அணைந்தே இரு, எழு, முன்பு இருந்த நிலைக்கே போ என்று மூன்று வழிகள். நான் ‘எழு’ என்று வைத்திருந்தேன். அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் புகைப்படங்களின் பட்டியலை வைத்திருந்த தரவுத்தளம் திறக்க மறுத்தது. படங்கள் பத்திரமாக இருந்தன. எந்தப் படம் எந்த ஆண்டுக்குரியது, அதில் யார் இருக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து குறித்தவை போய்விட்டன.

என் கணினியின் இயங்குதளமான லினக்ஸில் ஒரு நிரல் கோப்பை எழுதிவிட்டதாக நினைக்கும்போது, உண்மையில் அது நினைவகத்தில்தான் இருக்கும். அது டிஸ்குக்குப் போய்ச் சேர இயல்பான அமைப்பில் 30 விநாடி வரை ஆகலாம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அந்த எழுத்து போயிற்று. செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் ஜர்னல் வைத்திருக்கும் கோப்பு முறைமை தன் எலும்புக்கூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும், கோப்புகளின் உள்ளடக்கமான சதைக்கு அது பொறுப்பேற்காது. ஹார்ட் டிஸ்க்கின் நிலையோ இன்னும் பரிதாபம். திடீரென்று மின்சாரம் நின்றால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மிச்ச வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, படிக்கும் தலையை அவசரமாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை அப்படி இழுத்துக்கொண்டது என்ற எண்ணிக்கையை, டிஸ்க் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் பெரும்பாலும் 192 என்ற வரிசையில் காணலாம். அன்று அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் யு.பி.எஸ். வாங்குவது என்று முடிவு செய்தேன்.

எத்தனை நிமிடம் தாங்கும்?

வாங்கப் போகும் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நானும் இதைத்தான் கேட்டேன். பெட்டியின்மேல் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது வாட் இல்லை. சிறிய பெட்டிகளில் பலவும் 0.6 என்ற கணக்கில் வருபவை; 600 விஏ என்றால் 360 வாட். இதைக் கண்டு நான் பயந்தேன், பயந்திருக்கத் தேவையில்லை. சுவருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். என் கணினி சும்மா இருக்கும்போது 38 வாட் எடுத்தது. மூன்று டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் 90ஐத் தொட்டது. ரவுட்டர் 9 வாட். ஆக மொத்தம் 50 வாட்டுக்குள். பவர் சப்ளையின் மேல் எழுதியிருக்கும் 450 வாட்டை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், யானைக்கான பெட்டியை வாங்கி ஆட்டுக்குட்டியைக் கட்டி வைத்திருப்பேன்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மூடிய ஈய-அமில பேட்டரி: 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 84 வாட்-மணி. இந்த 84 ஒரு இனிப்பான பொய். 20 மணி நேரத்துக்கு மெதுவாகச் சொட்டுச் சொட்டாக எடுத்தால்தான் அவ்வளவு கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் காலி செய்தால் அதில் அறுபது சதவீதத்தைச் சுற்றித்தான் கைக்கு வரும், ஐந்து நிமிடத்தில் காலி செய்தால் இன்னும் குறைவு. வேகமாகக் கேட்டால் குறைவாகக் கொடுக்கும் இந்தக் குணத்தை ஜெர்மானியரான வில்ஹெல்ம் போய்கெர்ட் 1897இலேயே சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார். பேட்டரியின் 12 வோல்ட்டைச் சுவர் மின்சாரமாக மாற்றுவதில் போகும் இழப்பு தனி. இதையெல்லாம் கழித்து, புதிதாக இருந்தபோது என் சுமைக்கு 41 நிமிடம் வந்தது. நான் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து அளந்தது அது. ‘முக்கால் மணி நேரம், போதாதா என்ன’ என்று திருப்தியாக எழுந்து போனேன்.

வகைகளைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. சுவர் மின்சாரத்தை அப்படியே கடத்திவிட்டு, அது போனதும் பேட்டரிக்குத் தாவும் பெட்டி ஒன்று. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் பேட்டரியைத் தொடாமலே சரிசெய்துகொள்வது இன்னொன்று. எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே கொடுத்துக்கொண்டிருக்கும் விலை மிகுந்த வகை மூன்றாவது. வீட்டுக் கணினிக்கு இரண்டாவது வகை போதும். தாவும் நேரத்தைப் பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலான பெட்டிகள் 10 மில்லிவிநாடிக்குள் தாவிவிடும். கணினியின் பவர் சப்ளை பெரும் சுமையிலேயே 16, 17 மில்லிவிநாடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வகையில்தான் வடிவமைக்கப்படுகிறது, கால்வாசிச் சுமையில் அதற்கும் மேலே. கவலைப்பட வேண்டியது அலையின் வடிவத்தைப் பற்றித்தான். மலிவான பெட்டிகள் பேட்டரியில் ஓடும்போது சீராக வளைந்து ஏறி இறங்கும் சைன் அலைக்குப் பதில் படிக்கட்டு போன்ற ஒன்றைக் கொடுக்கும். புதுவகை பவர் சப்ளைகளில் சில அதைக் கண்டால் முனகும், சில அணைந்தே போய்விடும். என்னுடையது முனகியது, அணையவில்லை. அந்த முனகலோடு வாழப் பழகிக்கொண்டேன்.

யு.பி.எஸ்.ஸின் பின்பக்கம் ஒரு யு.எஸ்.பி. துளை இருந்தது. அதிலிருந்து கணினிக்குக் கேபிள் போட்டால், ‘நான் இப்போது பேட்டரியில் ஓடுகிறேன்’ என்று அது சொல்லும். கேட்டுக்கொள்ள இருபது வரியில் ஒரு நிரல் எழுதினேன். பேட்டரிக்குப் போனதும் இரண்டு நிமிடம் பொறு, அதற்குள் மின்சாரம் வராவிட்டால் கணினியை அணை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சுவிட்சை அணைத்துச் சோதித்தும் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்து விசிறிகள் நின்றன, டிஸ்க்குகள் ஓய்ந்தன, விளக்கு அணைந்தது. சுவிட்சைப் போட்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கணினியின் பொத்தானை நானே விரலால் அழுத்தி எழுப்பினேன். அப்போதே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படுக்கையறைக் கடிகாரம்

மூன்று வாரம் வெளியூர் போயிருந்தேன். ஒருநாள் பழைய படம் ஒன்றைத் தேடியபோது கணினி பதில் சொல்லவில்லை. வீட்டு இணைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன், ரவுட்டர் பதில் சொன்னது. அப்படியானால் வீட்டில் மின்சாரம் இருக்கிறது. கைபேசியின் பிரதிப் பட்டியலைப் பார்த்தேன். கடைசிப் பிரதி பதினோரு நாளைக்கு முந்தையது. டிஸ்க் போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். அன்று மதியம் முழுக்க மனத்துக்குள் எந்தெந்தப் படங்களுக்கு வேறு பிரதி இருக்கிறது என்ற பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுச் சாவி தங்கையிடம் இருந்தது. வேலை முடிந்து மாலையில் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே அழைத்தாள்.

“அண்ணா, கீழே இருக்கிற பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. மேலே இருக்கிறதில் ஒன்றுமே எரியவில்லை.”

கீழே இருப்பது யு.பி.எஸ்., மேலே இருப்பது கணினி. “கருகின வாடை ஏதாவது வருகிறதா, பார்.”

“தூசி வாடைதான் வருகிறது. பொத்தானை அழுத்தட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அழுத்திவிட்டாள். விசிறிச் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு நிமிடத்தில் என் திரையில் கணினி வந்து நின்றது. எல்லாம் இருந்தது. ஒரு பிழைச் செய்தி இல்லை. கெட்டுப்போயிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் போல. ஒன்றும் கெடாமல் ஏன் பதினோரு நாள் தூங்கியது என்று புரியாததுதான் வதைத்தது.

பதிவேட்டைத் திறந்தேன். கடைசி வரி அதிகாலை 2:14. அதற்கு நான்கு நிமிடம் முன்னால், 2:10க்கு, பேட்டரியில் ஓடுகிறது என்ற வரி. 2:12க்கு அணையத் தொடங்கியது. ஒழுங்காக அணைந்தது. மின்சாரம் எப்போது திரும்பி வந்தது என்று சொல்லத்தான் ஆளில்லை, ஏனென்றால் அதைக் குறித்து வைக்க வேண்டிய கணினி அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை இன்னும் வீட்டில்தான் இருந்தாள். “படுக்கையறைக் கடிகாரம்கூடத் தப்பாக ஓடுகிறது, திருத்திவிடவா?” என்று கேட்டாள். “தொடாதே! எத்தனை மணி காட்டுகிறது?” என்று நான் கத்தியதில் அவள் பயந்தே போனாள்.

அந்த டிஜிட்டல் கடிகாரம் மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும், திரும்பி வந்ததும் 12:00இலிருந்து எண்ணத் தொடங்கும். அவள் பார்த்தபோது அது 4:51 காட்டியது. உண்மை நேரம் மாலை 7:10. கழித்தால் 2:19. மின்சாரம் 2:10க்குப் போய் 2:19க்கு வந்திருக்கிறது. ஒன்பது நிமிட மின்வெட்டு. என் கணினி அதில் பேட்டரியின் கால்வாசியைக்கூடத் தொடாமல், ஐந்து நிமிடம் முன்னதாக அவசரப்பட்டு அணைந்துவிட்டு, பதினோரு நாள் படுத்துவிட்டது.

ஏன் எழவில்லை என்பது காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். பயாஸில் ‘மின்தடைக்குப் பிறகு எழு’ என்று வைத்திருந்தேன். ஆனால் கணினியின் கண்ணில் மின்தடையே நடக்கவில்லை. அதன் பின்னால் செருகியிருந்த கேபிளில் அன்று ஒரு கணமும் மின்சாரம் நிற்கவில்லை, யு.பி.எஸ். நிற்கவிடவில்லை, அதற்காகத்தானே அதை வாங்கியது. கணினி அணைந்த பிறகும் யு.பி.எஸ். ரவுட்டரைச் சுமந்துகொண்டு, கணினி செருகியிருந்த துளையிலும் மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. 50 வாட் சுமை 9 வாட்டாகக் குறைந்த பிறகு அந்த பேட்டரி மணிக்கணக்கில் தாங்கும். ஆக, இரண்டு நிமிடத்துக்குக் குறைவான மின்வெட்டு என்றால் கணினிக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரி முழுதாகச் சாகும் அளவுக்கு நீண்ட மின்வெட்டு என்றாலும் அது எழுந்துவிடும். நடுவில் இருக்கும் எல்லா மின்வெட்டுகளிலும், அதாவது வழக்கமாக வரும் எல்லா மின்வெட்டுகளிலும், அது படுத்தே கிடக்கும். இன்னும் பெரிய பேட்டரி வாங்கியிருந்தால் அந்தப் பள்ளம் இன்னும் அகலமாகியிருக்கும்.

அணைக்கப்படக் காத்திருப்பது

இந்தச் சிக்கலை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்ற நினைப்பு இரண்டு நாள் இருந்தது. பிறகு நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ், சுருக்கமாக ‘நட்’ என்று அழைக்கப்படும் இலவச மென்பொருளின் ஆவணங்களை உட்கார்ந்து படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது. இருபது வரி நிரல் எழுதும் பெருமை படிக்கவிடவில்லை. அதில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: பவர் ரேஸ், மின்சாரத்தோடு ஓடும் பந்தயம். கணினி அணையும் வேகமும் மின்சாரம் திரும்பும் வேகமும் ஒன்றையொன்று துரத்தும் பந்தயம் அது. மின்சாரம் நடுவில் வந்துவிட்டால் கணினி தோற்றுவிடும்.

நட் செய்யும் வேலையின் வரிசை என் நிரலில் இல்லாத ஒரு படியைக் கொண்டது. அணைய வேண்டும் என்று முடிவானதும் அது முதலில் அதற்கு அடையாளமாக ஒரு கொடிக் கோப்பை வைத்துவிட்டு, இயங்குதளத்தை அணையச் சொல்கிறது. எல்லா நிரல்களும் நின்று, டிஸ்க்குகள் எழுதிமுடித்து, கடைசிக் கணத்தில் கொடி இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் யு.பி.எஸ்.ஸுக்கு ஒரு கட்டளை: ‘சிறிது நேரத்தில் எனக்குக் கொடுக்கும் மின்சாரத்தை வெட்டு. சுவர் மின்சாரம் வந்த பிறகு திரும்பக் கொடு.’ யு.எஸ்.பி. வழியே பேசும் பெட்டிகளுக்காக நட்டில் உள்ள பொதுவான இணைப்பு நிரலில் இயல்பாக 20 விநாடியில் வெட்டு, 30 விநாடிக்குப் பிறகு கொடு என்று இருக்கும். இப்போது கணினியின் கேபிளில் உண்மையிலேயே மின்சாரம் நிற்கிறது, உண்மையிலேயே திரும்பி வருகிறது. பயாஸ் அதைப் பார்க்கிறது, எழுகிறது.

கேட்பதற்கு எளிது. ஆனால் எல்லா யு.பி.எஸ்.ஸும் கட்டளைக்குக் கீழ்ப்படியுமா? கணினியை வைத்துச் சோதிக்க எனக்குத் தைரியமில்லை. அதன் இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகினேன். கணினியின் மின்கேபிளை வேறொரு சுவர்த் துளைக்கு மாற்றினேன், யு.எஸ்.பி. கேபிள் மட்டும் யு.பி.எஸ்.ஸோடு. சுவர் சுவிட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் எர்த் இணைப்பும் போய்விடும். ரிலே ‘டக்’ என்றது, விளக்கு ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. வெட்டும் கட்டளையைக் கையால் கொடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அறை இருட்டானது. சுவிட்சைப் போட்டேன். அரை நிமிடம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ‘டக்’, விளக்கு எரிந்தது. அந்த இருட்டு கொடுத்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

அடுத்து வந்ததுதான் உண்மையான சோதனை. சுவிட்சை அணைத்தேன், கட்டளை கொடுத்தேன், பத்து எண்ணியதும் சுவிட்சைப் போட்டுவிட்டேன். 2:19இல் நடந்ததன் இன்னும் மோசமான வடிவம் இது: வெட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. இருபது எண்ணினேன், முப்பது எண்ணினேன், அறுபதும் ஆயிற்று. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ‘மின்சாரம்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு வெட்டுவது’ என்று அந்தப் பெட்டி தானாகவே கட்டளையை ரத்து செய்துவிட்டது. நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணம் என் கணினியை மறுபடியும் பதினோரு நாள் படுக்க வைக்கும்.

நண்பர் ஒருவரிடமிருந்து வேறொரு பெட்டியை இரவல் வாங்கிச் சோதித்தேன். அது இருபதாவது விநாடியில் கறாராக வெட்டிவிட்டுப் பத்து விநாடி கழித்துத் திரும்பக் கொடுத்தது. ஆக, இது பெட்டிக்குப் பெட்டி மாறும். பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் எந்தத் தாளிலும் இதைப் போட மாட்டார்கள். என் பெட்டியை மாற்றிவிடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அதே ஆவணத்தில் இரண்டு வரி கண்ணில் பட்டது. அந்த இரண்டு வரிதான் என் பார்வையைத் திருப்பியது. வெட்டும் கட்டளையைக் கொடுத்த பிறகு கணினி தானாக அணையவே கூடாது. எல்லாவற்றையும் எழுதிமுடித்து, கையைக் கட்டிக்கொண்டு, உயிரோடு காத்திருக்க வேண்டும். யு.பி.எஸ். வெட்டினால் அந்தக் கணத்தில் சாகும். இழக்க ஒன்றும் இல்லாததால் அந்தச் சாவு ஒன்றும் செய்யாது. இரண்டு நிமிடம் கழித்தும் உயிரோடு இருந்தால் பந்தயத்தில் மின்சாரம் ஜெயித்துவிட்டது என்று பொருள். அப்போது மறுதுவக்கம் செய்துகொண்டு வழக்கமான வேலைக்குப் போய்விடலாம். அணைவது என் வேலை என்று கணினியும், வெட்டுவது என் விருப்பம் என்று யு.பி.எஸ்.ஸும் தனித்தனியாக முடிவெடுத்ததில்தான் அன்று இடைவெளி விழுந்தது. அந்த இரண்டு வரியைச் சேர்த்த பிறகு, நல்லெண்ணம் கொண்ட என் பழைய பெட்டியே போதுமாக இருந்தது.

ஒரு சில்லறைத் தொல்லை மிச்சமிருந்தது. வெட்டினால் ரவுட்டரும் சேர்ந்து சாகும். வீட்டில் ஆள் இருக்கும்போது மின்வெட்டின் இரண்டாவது நிமிடத்திலேயே இணையம் போனால் யாரும் என்னை வாழ்த்த மாட்டார்கள். ரவுட்டர் கேட்பது 12 வோல்ட்தான். அதற்கென்றே உள்ளங்கை அளவில் வரும் சிறு பேட்டரிப் பெட்டிக்கு அதை மாற்றிவிட்டேன்.

இரண்டாவது மின்வெட்டு

எத்தனை நிமிடம் பொறுத்து அணைப்பது என்பதில் நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. பேட்டரி இருக்கும் வரை ஓடட்டும், தீரப்போகிறது என்று யு.பி.எஸ். சொல்லும்போது அணைக்கலாம் என்பார்கள். ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்கு அது சரி. ஆளில்லாத கணினி அந்த அரை மணி நேரத்தில் யாருக்காக ஓட வேண்டும்? மின்சாரம் ஒருமுறை போனால், வந்துவிட்டு மறுபடியும் போவதுதான் அதன் வழக்கம். முதல் மின்வெட்டில் பேட்டரியைத் துடைத்துவிட்டு, மின்சாரம் வந்ததும் எழுந்து, டிஸ்க்குகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது மின்வெட்டு வந்தால், ஒழுங்காக அணையக்கூட பேட்டரியில் ஒன்றும் இருக்காது. ஈய-அமில பேட்டரி நிரம்புவதற்கு நிமிடக் கணக்கு போதாது, மணிக்கணக்கு வேண்டும். சில யு.பி.எஸ்.களில், பேட்டரி இத்தனை சதவீதம் நிரம்பிய பிறகுதான் மின்சாரம் கொடு என்று ஒரு அளவு வைக்க முடியும். என்னுடையதில் அந்த வசதி இல்லை. அதனால் நான்கு நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன், பேட்டரியின் பெரும்பகுதியை அடுத்த மின்வெட்டுக்கு வைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘தீரப்போகிறது’ என்று யு.பி.எஸ். சொல்லும் சொல்லை நான் நம்புவதில்லை. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் அளந்து பார்த்தேன். திரையில் 100 சதவீதம், 38 நிமிடம் என்று போட்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில் 70 என்றது, ஏழாவதில் 31 என்றது, எட்டாவதில் செத்தே போனது. மின்னழுத்தத்தைப் பார்த்து ஊகிக்கும் கணக்கு அது. பேட்டரி முதுமையடைய அடைய ஊகம் பொய்க்கும். பேட்டரியை வெளியே எடுக்கப் பார்த்தால் வரவில்லை. பக்கங்கள் உப்பி, உறைக்குள் இறுகிப் பிடித்திருந்தது. யு.பி.எஸ்.ஸைக் கவிழ்த்து, தட்டி, உலுக்கித்தான் எடுத்தேன். அலமாரிக்குள் கணினியின் வெப்பத்தோடு அதையும் அடைத்து வைத்தது என் தவறு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இவ்வகை பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பழைய, நம்பகமான கணக்கு. இப்போது யு.பி.எஸ். அலமாரிக்கு வெளியே நிற்கிறது. அழகாக இல்லை.

அணைவதற்கு ஆகும் நேரத்தையும் அப்போதுதான் கவனித்தேன். 2:12இலிருந்து 2:14 வரை இரண்டு நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தது? பதிவேட்டில் இருந்தது. எங்கோ தொங்கிப்போன ஒரே ஒரு சேவைக்காக 90 விநாடி காத்திருந்திருக்கிறது. நிற்க மறுக்கும் நிரலுக்கு லினக்ஸில் சேவைகளை இயக்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம் அது. அந்தச் சேவையைச் சரிசெய்த பிறகு 22 விநாடியில் அணைகிறது. இருமடங்கு பேட்டரி வாங்கியிருந்தாலும் இதைவிடப் பெரிய லாபம் கிடைத்திருக்காது.

பழைய மடிக்கணினியையே வைத்துக்கொண்டால் உள்ளேயே பேட்டரி இருக்கிறதே என்று தங்கை கேட்டாள். நல்ல கேள்விதான். யோசித்தும் பார்த்தேன். எப்போதும் 100 சதவீதத்தில் செருகியே வைத்தால் அந்த பேட்டரியும் உப்பும், 60 அல்லது 80இல் நிறுத்தும் வசதி உள்ளதாகப் பார்க்க வேண்டும். ஆனால் மின்சாரம் வந்ததும் எழும் தேர்வு பல மடிக்கணினிகளின் பயாஸில் இருப்பதேயில்லை. சுற்றிச் சுற்றி அதே பள்ளத்தில்தான் வந்து விழுகிறோம்.

இவ்வளவு செய்தும் இரண்டு கைத்தடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, பயாஸிலேயே தினமும் காலை ஆறு மணிக்கு எழும் கடிகார ஏற்பாடு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது ஒன்றும் செய்யாது. எந்தக் காரணத்தால் படுத்திருந்தாலும், மின்சாரம் இருந்தால் ஒருநாளுக்கு மேல் படுக்கவிடாது. அந்த ஒரு தேர்வு அன்று இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். இன்னொன்று, தங்கை வீட்டில் ஓடும் ஒரு சிறு கணினி. என் கணினி மணிக்கொரு முறை அதற்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லாவிட்டால் அது எனக்குச் செய்தி அனுப்பும். செத்தவன் தன் சாவைத் தானே அறிவிக்க முடியாது என்பது எனக்கு உறைக்கப் பதினோரு நாள் ஆயிற்று. யு.எஸ்.பி. கேபிளை மட்டும் இன்னும் முழுதாக நம்பவில்லை. தரை துடைக்கும்போது ஒருமுறை கழன்றது. யு.பி.எஸ். பாட்டுக்கு இருக்கும், கணினி பாட்டுக்கு ஓடும், ஒன்றுக்கொன்று பேச்சு மட்டும் இருக்காது. இணைப்பு போய்விட்டதாக நட் பதிவேட்டில் எழுதியது. நான்தான் பதிவேட்டைப் பார்க்கவில்லை. இப்போது அந்த வரியும் கைபேசிக்கு வருகிறது. கேபிளை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டியும் வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் நான்கு நாள் வெளியூரில் இருந்தேன். இரண்டாம் நாள் அதிகாலை கைபேசியில் இரண்டு செய்திகள்: 3:41க்கு ‘பேட்டரியில்’, 4:07க்கு ‘எழுந்தாயிற்று’. புரண்டு படுத்துத் தூங்கிவிட்டேன். வீடு திரும்பி முதலில் படுக்கையறைக்குத்தான் போனேன். இரவு 9:30க்குக் கடிகாரம் 5:25 காட்டிக்கொண்டிருந்தது. விரல் விட்டுக் கழித்துப் பார்த்தேன், 4:05. யு.பி.எஸ். திரும்பக் கொடுக்க அரை நிமிடம், கணினி எழ ஒன்றரை நிமிடம், சரியாக வந்தது. கடிகாரத்தை இன்னும் திருத்தவில்லை.